பூதம் வரவில்லை என்றால் படம் மோசமா?

2017இல் வந்த 'இட் கம்ஸ் அட் நைட்' என்ற அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இன்னும் அதே பாட்டுதான்: "கடைசி வரைக்கும் எதுவுமே வரலையே!" என்ன வர வேண்டும்? கொள்ளை நோயில் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, காட்டு வீட்டுக்குள் ஒரு குடும்பம், அடைக்கலம் கேட்டு வந்த இன்னொரு குடும்பம், ஒரு சிவப்புக் கதவு, அப்புறம் யாரையும் நம்ப முடியாத பயம். இது போதாதா? அப்பாவைப் பறிகொடுத்த துக்கத்தில் இயக்குநர் ட்ரே எட்வர்ட் ஷுல்ட்ஸ் எழுதிய கதை அது. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். வெளியான உடனே பார்த்துவிட்டு வந்த அமெரிக்க ரசிகர்களோ சினிமாஸ்கோர் என்ற ரசிகர் கணக்கெடுப்பில் 'டி' என்று மட்டமான மதிப்பெண் போட்டார்கள். சரி, ட்ரெய்லரில் ஏதோ பூதம் வருவது போல ஆசை காட்டியது படத்தை விற்றவர்களின் தப்பு, அந்தக் கோபம் நியாயம்தான். அதற்கு இயக்குநரை ஏன் திட்ட வேண்டும்? படத்தைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் இன்னும் மோசம், பிடிக்கவில்லை என்று சொன்னவரை எல்லாம் "உனக்குப் புரியவில்லை" என்று முட்டாளாக்கிவிடுகிறார்கள். புரிந்தும் பிடிக்காமல் போகக் கூடாதா? அந்த வீட்டுக் குடும்பத்தின் அப்பாவாக நடித்த ஜோயல் எட்ஜர்டன் முகத்தில் தெரிகிற அந்தக் கலக்கத்தைப் பற்றி ரெண்டு தரப்பும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு!