"என் விசுவாசம் போதவில்லையோ?" என்று கேட்கிறவர்களுக்கு

"மூன்று நாள் உபவாசம் இருந்தேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறினதில்லை. ஆனாலும் மகளுக்கு வரன் அமையலையே, பாஸ்டர்." சபைகளில் இந்தக் கேள்வி ஓயாமல் கேட்கிறது. வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. "வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கு, ஆராய்ந்து பாருங்க" என்பது ஒன்று. "விசுவாசம் பத்தாது, இன்னும் ஏழு வெள்ளிக்கிழமை உபவாசம் எடுங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே ஆளை இன்னும் குழிக்குள் தள்ளும் பதில்கள். வேதப்படியும் தவறு என்பதே என் கருத்து.

கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: நான் இவ்வளவு செய்தேன், அவர் இவ்வளவு தர வேண்டும். பவுல் ரோமர் 4:4-இல் இதற்குப் பெயரே வைத்துவிட்டார். வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி. அது கிருபையில் சேராது, கடனில் சேரும். கடவுளைக் கடன்காரராக நிறுத்தி வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு இருக்க முடியாது. கடன் வராதபோது கோபம் வரும், அல்லது நம் பக்கம்தான் ஏதோ குறை என்று குற்றவுணர்ச்சி வரும். நம்பிக்கை மட்டும் வராது.

பவுல் இதற்கு ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைக்கிறார். அவர் செய்யும் வாதம் தேதிகளை வைத்துத்தான். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது ஆதியாகமம் 15:6. ஆண்களின் நுனித்தோலை அகற்றும் சடங்கான விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில். மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, விருத்தசேதனம் நடந்தபோது 99. ஆக, அந்தச் சடங்குக்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் வந்தது, ஆபிரகாமுக்குத் தந்த வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டுகள் கழித்து என்கிறது கலாத்தியர் 3:17. எதைச் செய்ததற்காக இந்த நீதி கிடைத்தது என்று தேடினால், அந்தப் பட்டியலில் எதுவுமே அப்போது இல்லை.

அதற்குப் பிறகு ஆபிரகாம் ஒழுங்காக நடந்தாரா? 15ஆம் அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே, வாக்குத்தத்தத்துக்குக் காத்திராமல் வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெறும் விவகாரம். 20ஆம் அதிகாரத்தில், உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்கிறார், அதுவும் இரண்டாம் முறையாக; அபிமெலேக்கு ராஜா ஆள் அனுப்பி அவளை அழைத்துக்கொள்கிறான். 75 வயதில் புறப்பட்டவருக்கு ஈசாக்கு பிறந்தது 100 வயதில். இந்த 25 ஆண்டுகளில் அவருடைய விசுவாசத்தை அளந்து வரைபடம் போட்டால் ஏறி இறங்கித்தான் இருக்கும். எண்ணப்பட்ட நீதியை மட்டும் தேவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ("இதெல்லாம் புராட்டஸ்டண்ட் உபதேசம்" என்பவர்களுக்கு: நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால்தான் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்தே கையெழுத்திட்டுவிட்டன.)

இதில் நுட்பமாகத் தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு. "கிரியையினால் (நம் செயல்களால்) அல்ல" என்று ஒப்புக்கொண்டவரே விசுவாசத்தைக் கிரியையாக்கிவிடுவார். எவ்வளவு உறுதியாக நம்பினேன், சந்தேகம் வந்ததா, எத்தனை மணி நேரம் ஜெபித்தேன் என்று அளக்க ஆரம்பிப்பார். மாற்கு 9-இல் அசுத்த ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன் இயேசுவிடம் சொன்ன ஜெபத்தைப் பாருங்கள்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். அரைகுறை விசுவாசம்தான். பிள்ளை சுகமானான். பிடிக்கிற கையின் பலத்தைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

ரோமர் 5-ஐ நாம் மேற்கோள் காட்டும் விதத்திலும் சிக்கல் இருக்கிறது. உபத்திரவம் பொறுமையை, பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை உண்டாக்கும் என்று துக்க வீட்டில் போய்ச் சொல்கிறோம். அது 3, 4ஆம் வசனங்கள். முதல் வசனம், விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டதால் தேவனோடு சமாதானம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்கிறது. அதை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கினால், "கஷ்டப்படு, நல்லது நடக்கும்" என்ற ஊர்ப் பேச்சுதான் மிஞ்சும். உபத்திரவம் தானாக யாருக்கும் நம்பிக்கை தராது, பலரைக் கசப்பாக்கியே விட்டிருக்கிறது. "தேவன் என்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் இது" என்ற பயம் போன பிறகுதான் பொறுமைக்கே இடம் கிடைக்கிறது.

அடுத்தது, புத்தாண்டில் வசனம் அச்சிட்டுச் சபைகளில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11 அச்சிடாத ஜனவரி உண்டா? "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" வரும் என்ற வசனம். அதற்கு முந்தின வசனம் அட்டையில் வராது, ஏனென்றால் அதில் 70 ஆண்டு என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது 5 முதல் 7 வரை. வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைப் பார்க்கப் போவதில்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வந்து, இரண்டே வருஷம், எல்லாரும் ஊர் திரும்பலாம் என்கிறான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தும் காட்டுகிறான். கூட்டம் யாருக்குக் கைதட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரேமியாவே முதலில் "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறார், அவருக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு வருஷம் பொய். தேதி குறித்துத் தரும் நம்பிக்கை, தேதி தாண்டினதும் விசுவாசத்தையும் சேர்த்து உடைத்துவிடும்.

அதே எரேமியா நம்பிக்கையை எப்படிக் காட்டினார் என்பது 32ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கிறார்கள், அவரோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரி கைக்குப் போகிற பூமி. கர்த்தர் சொன்னபடி எரேமியா 17 சேக்கல் வெள்ளியை, நம் அளவில் சுமார் 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டும் நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள். எல்லாம் முடிந்த பிறகு, "நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொன்னீரே" என்று ஜெபத்தில் கேட்கிறார். கேள்வி தீரவில்லை, பத்திரம் பதிவாகிவிட்டது. "நமது நீதியாயிருக்கிற கர்த்தர்" என்று வரப்போகிற ராஜாவுக்குப் பெயர் சொன்னதும் (23:6) இதே மனிதர்தான். ஜனத்தின் யோக்கியதையை நம்பியிருந்தால் அவர் ஒரு சேக்கல்கூடப் போட்டிருக்க மாட்டார்.

"அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?" என்று கேட்பீர்கள். லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவின் வீட்டைப் பாருங்கள். இயேசு முதலில் "உன் வீட்டில் தங்கவேண்டும்" என்கிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றினதற்கு நாலத்தனை என்று சகேயு பேசுவது அதற்குப் பிறகு. லேவியராகமம் 6:5 கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் சட்டத்துக்கு மேலேயே கொடுக்கிறான். ஆகவே பாவ அறிக்கை செய்யும்போது பொதுவாக "பாவி ஐயா" என்று அழுவதைவிட, தொட்டுச் சொல்லுங்கள்: யாருக்கு, எதை, எவ்வளவு. வேலைக்காரம்மாவின் சம்பள பாக்கி, தங்கைக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கு. (சபைக்கு வாரி வழங்கிவிட்டுத் தங்கையிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் நம்மிடையே கொஞ்சம் அதிகம்.) ஒருமுறை அறிக்கையிட்டதைத் தினமும் தோண்டி எடுக்காதீர்கள். 1 யோவான் 1:9 மன்னிப்பைத் தேவனுடைய நீதியின்மேலேயே நிறுத்துகிறது, நம் கண்ணீரின் அளவின்மேல் அல்ல.

நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டு ஆயுள் கூட்டிக் கொடுத்ததாகக் கர்த்தரே சொன்ன பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் ஏசாயா (2 இராஜாக்கள் 20:7). மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிறவரை அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கூடவே இருங்கள். ஏதாவது வாசிக்கச் சொன்னால் 88ஆம் சங்கீதம் போதும். அது இருளிலேயே முடிகிறது, வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது. வாசித்து முடித்ததும் நீங்களாக ஒரு சாட்சியை அதோடு ஒட்டவைக்க வேண்டாம்.