ஓசி சாஃப்ட்வேர், ஓவர் அதிகாரம்

வேலூர் டிடிபி கடைகள்ல ஆவணி முகூர்த்தம் நெருங்கினா போதும், லிப்ரே ஆபீஸ்ங்கிற ஓசி ஆபீஸ் சாஃப்ட்வேருக்குச் சாபம் ஆரம்பிச்சுடும். "தமிழ் உடையுது, அர்ஜென்ட், நாளைக்குள்ள சரி பண்ணுங்க." பக் (கோளாறு) ரிப்போர்ட் மொத்தமே அவ்ளோதான். எந்த வெர்ஷன், எந்த ஃபான்ட்? மூச்சே இல்ல. சம்பளமில்லாம ராத்திரி கண்முழிச்சு கோட் எழுதறவன் ஜோசியமா பார்ப்பான்?

பல நேரம் அது பக்கே இல்ல. பாமினிங்கிற பழைய ஃபான்ட் பழக்கத்துல கொம்பை முதல்ல அடிக்கிறாங்க. இன்னிக்குப் பொது எழுத்து முறையான யூனிகோடுல 'கெ'ன்னா 'க' முன்னாடி, 'ெ' பின்னாடி. மாத்திப் போட்டா கொம்புக்குப் பக்கத்துல புள்ளி வட்டம் வரத்தான் செய்யும்.

ஹெல்ப் மெனுவுல சேஃப் மோடு இருக்கு, உங்க செட்டிங்ஸ், கூடுதலா சேர்த்த எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாம திறக்கிற வழி. அதுல சரியா வந்தா கோளாறு உங்க செட்டிங்ஸ்லயோ எக்ஸ்டென்ஷன்லயோதான். அப்பவும் உடைஞ்சா அபவுட் விண்டோவுல இருக்கிற வெர்ஷன் விவரத்தை காப்பி பண்ணி, உடையுற ஒரே வரியை மட்டும் ஒரு ஃபைல்ல போட்டு அனுப்புங்க. 80 பக்க விழா மலரை இல்ல! எந்தப் பழைய வெர்ஷன்ல ஒழுங்கா இருந்துச்சுன்னு சொன்னா அதுதான் தங்கம்: நடுவுல 1,000 மாற்றம் இருந்தாலும் பாதி பாதியா வெட்டி, 10 சோதனையில குற்றவாளியைப் பிடிச்சுடலாம். "எனக்கும் இதேதான்"னு கீழே வரிசையா எழுதறதால ஒரு புள்ளியும் நகராது.

ஃபைலை அழிக்கிற பக், செக்யூரிட்டி ஓட்டை எல்லாம்தான் முதல்ல சரி பண்ணுவாங்க. கல்யாணப் பத்திரிகையோட பூ டிசைன் ஃபான்ட் கடைசிலதான். உத்தரவாதம் கிடையாதுன்னு லைசென்ஸ்லயே போட்டிருக்கு. அவசரம்னா காசு குடுத்து ஆள் வைங்க. இல்லையா, பாலாத்துல தண்ணி வர்றப்போ அதுவும் வரும்.