40 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

"பூசணி விதை எண்ணெய் கேப்சூல் போட்டால் கொட்டின முடியில் 40 சதவீதம் திரும்பிவிடும், புராஸ்டேட் மாத்திரையையும் நிறுத்திடலாம்" என்று மேலே எழுதியிருக்கும் சகோதரருக்கு: அந்த 40 பொய்யில்லை, ஆனால் அர்த்தம் வேறு. 2014-இல் வெளியான கொரிய ஆய்வு அது. வழுக்கை விழும் ஆண்கள் மொத்தம் 76 பேர். தினம் 400 மில்லிகிராம், 24 வாரம். தலையில் குறித்துக்கொண்ட சிறு இடத்தில் எண்ணிய முடிதான் சராசரியாக 40 சதவீதம் கூடியது. மருந்தில்லாத போலி கேப்சூல் போட்டவர்களுக்கே 10 சதவீதம் கூடியிருக்கிறது! அதைவிட முக்கியம், அந்தக் கேப்சூலில் எண்ணெய் மட்டும் இல்லை. தக்காளிப் பொடி, சிவப்பு குளோவர் என்ற செடியின் பொடி என்று என்னென்னவோ கலந்திருந்தது. எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

புராஸ்டேட் வீக்கத்துக்கு (ஆண்களுக்கு வயதானால் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் சுரப்பி வீக்கம்) 2009-இல் வெளியான எண்ணெய் ஆய்வு 47 பேரோடு சரி. ஜெர்மனியில் 1,400 பேருக்கு மேல் ஒரு வருஷம் பார்த்தார்கள். அது எண்ணெய் இல்லை. விதையும், விதைச்சத்துக் கேப்சூலும். கேப்சூல் போலி மாத்திரையைத் தாண்டவில்லை. தினம் 10 கிராம் விதையாகவே தின்றவர்களுக்குத்தான் கொஞ்சம் நிம்மதி.

ஆஸ்திரியாவில் இந்தக் கரும்பச்சை எண்ணெயைச் சாலட்டில் ஊற்றித் தின்கிறார்கள். ருசிக்கு வாங்குங்கள், தப்பில்லை. டாம்சுலோசின் என்ற புராஸ்டேட் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும்.