விளக்கு எரிவது பேட்டரிக்குச் சான்றாகாது
பொத்தானை அழுத்தியும் மோட்டார் சைக்கிள் கிளம்பாதபோது, மீட்டர் விளக்கு எரிந்து ஹாரனும் ஒலித்தால் பேட்டரி நன்றாகவே உள்ளது, இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும் என்று ஓர் அன்பர் எழுதியிருப்பதைப் பினாங்கு நண்பர்கள் சிலர் அப்படியே பகிர்கின்றனர். அது சரியன்று. விளக்குக்குச் சொற்ப மின்னோட்டமே போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ அதைப்போல் பல மடங்கு இழுப்பதால், வலுவிழந்த பேட்டரி விளக்கை எரியவிட்டு, இயந்திரத்தைச் சுழற்ற இயலாமல், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயின் ‘டக் டக்’ ஒலியோடு நின்றுவிடும். ஜெலுத்தோங் சந்தை வாசலில் என் கப்சாயும் (சிறிய மோட்டார் சைக்கிள்) அப்படித்தான் நின்றது. கிக் ஸ்டார்ட்டரை உதைத்ததும் கிளம்பிவிட்டது. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திப் பாருங்கள்: ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டியது, அழுத்தும்போது 10-க்கும் வெகுவாகக் கீழே சரிந்தால், முதலில் ஐயுற வேண்டியது பேட்டரியையே. மல்டிமீட்டர் இல்லாதவர்கள், அழுத்தும் கணத்தில் மீட்டர் விளக்கு மங்குகிறதா என்று கவனிக்கலாம்.