லித்தியத்தை இன்னும் வெட்டவே இல்லை

"காஷ்மீரில் 59 லட்சம் டன் லித்தியம் எடுத்துவிட்டார்கள், இனி பேட்டரி விலை பாதியாகும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எடுக்கவில்லை ஐயா. 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்துக்கு அறிவிக்கப்பட்டது ஜி3 நிலை மதிப்பீடு. அதாவது, முதற்கட்ட ஆய்வில் ஊகித்த அளவு. லாபமாக வெட்ட முடியுமா என்பது ஜி2, ஜி1 என்ற அடுத்தகட்ட விரிவான ஆய்வுகளுக்குப் பிறகுதான் தெரியும். 2024இல் அந்தச் சுரங்கத் தொகுதியின் ஏலமே போதிய ஆட்கள் வராமல் ரத்தானது.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலும் இந்தக் கதை நுழைந்தது. தம்பி ஒரு காணொளியை நம்பி மின்சார ஸ்கூட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டான். அப்பாவுக்குக் காணொளி என்றாலே ஆகாது. தெருமுனை மெக்கானிக் சொன்னால்தான் நம்புவார். விசாரித்தால், மெக்கானிக்கும் அதே காணொளியைத்தான் பார்த்திருக்கிறார்!