மேக்ஃபைல்னா அவ்வளவு இளக்காரமா?

நேத்து அந்த த்ரெட்ல நடந்த கூத்தைப் பாத்திருப்பீங்க. டாட்ஃபைல்களை (புள்ளியில ஆரம்பிக்கிற செட்டிங்ஸ் ஃபைல்கள்) மேக்ஃபைல் வெச்சு, அதாவது 'மேக்'ங்கற கருவிக்கு எழுதற கட்டளைப் பட்டியல் வெச்சு, இன்ஸ்டால் பண்ற ஒரு தம்பி, "மேக் விம்னு அடிச்சா ஹோம் ஃபோல்டர்ல லிங்க் விழல, அப் டு டேட்னு மட்டும் வருது"ன்னு கேட்டான். அவ்வளவுதான் கேள்வி. வந்த பதில்? "கொசு அடிக்க பீரங்கியா ப்ரோ?" அதுக்கு ஒரு குவியல் சிரிப்பு ஸ்மைலி.

டாட்ஃபைல்களை வெச்சிருக்கற ரெப்போவுல, விம் எடிட்டருக்காக விம்னே ஒரு ஃபோல்டர் இருக்குய்யா! டார்கெட் பேரை, அதாவது 'மேக்'குக்குப் பின்னாடி அடிக்கிற பேரை, மேக் ஒரு ஃபைலோட பேராத்தான் பார்க்கும். அந்தப் பேர்ல ஏதோ ஒண்ணு இருக்கு, அது எதையும் சார்ந்தும் இல்ல, அப்ப வேலை முடிஞ்சுதுன்னு போயிடும். மேல ஒரு வரி, டாட் ஃபோனி ('இது ஃபைல் இல்ல, வெறும் பேரு'ன்னு மேக்குக்குச் சொல்றது) போட்டு விம்னு எழுதினா தீர்ந்துது. இதைச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல.

"ஷெல் ஸ்கிரிப்ட் போதுமே"ம்பீங்க. போதும், யார் இல்லேன்னா? ஆனா ஒரு சர்வர்ல பாஷ் ஷெல்லோட செட்டிங்ஸ் மட்டும் வேணும்னா 'மேக் பாஷ்', என்ன செய்யப் போகுதுன்னு முன்னாடியே பார்க்க 'மேக் -என்'. இது ரெண்டையும் உங்க ஸ்கிரிப்ட்ல நீங்களே எழுதணும். எழுதியிருக்கீங்களா?

"சிம்லிங்குக்கு (வேற இடத்துல இருக்கற ஃபைலைச் சுட்டிக் காட்டற லிங்க்) டைம்ஸ்டாம்ப் ஒப்பீடு வீண்"னு ஒருத்தர் சொன்னது மட்டும் நியாயம். மேக் லிங்கைத் தாண்டிப் போய் மூல ஃபைலோட நேரத்தையே பார்க்கும். ஆனா லிங்க் இல்லேன்னாலோ உடைஞ்சிருந்தாலோ திரும்பப் போடும். எனக்கு அது போதும். உண்மையான ஆபத்து வேற. ஹோம்ல லிங்க்குக்குப் பதிலா பழைய நிஜ ஃபைலே கிடந்து, ரெப்போ ஃபைல் அதைவிடப் புதுசா இருந்தா, லிங்க் போடற 'எல்என் -எஸ்எஃப்' கட்டளை அதைச் சத்தமில்லாம அழிச்சிடும். முதல்ல அந்தப் பழைய ஃபைலைப் பேரை மாத்தி ஒதுக்கி வைக்கணும். டைரக்டரி லிங்க்னா எல்என்னோட '-என்' சேர்க்கலேன்னா, ரெண்டாவது தடவை ஓட்டும்போது புது லிங்க் ரெப்போவுக்குள்ளயே போய் உக்காரும்.

டாட்ஃபைலுக்கு லிங்க் போட்டுத் தர்ற ஸ்டோ? நல்ல கருவி. ஆனா எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) கான்ஃபிக்குக்கு 600 பர்மிஷன், அதாவது சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுதன்னு, அது போட்டுத் தராது. அடுத்து.

"பழைய காலத்துக் கருவி"யாம்! ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் பெல் லேப்ஸ்ல மேக்கை எழுதினது 1976. நீங்க தினமும் தட்டுற, ஃபைல் பட்டியல் காட்டற எல்எஸ் 1971லயே யூனிக்ஸ்ல இருக்கு. அதையும் கிண்டல் பண்ணுங்களேன். பண்ண மாட்டீங்க. புதுசா வர்றவன்னா மட்டும் இளக்காரம். அவன் போஸ்ட்டையே அழிச்சிட்டுப் போயிட்டான், இப்ப திருப்தியா?

தம்பி, கண்ணுல பட்டா படி: கட்டளை வரிக்கு முன்னாடி ஸ்பேஸ் இல்ல, டேப். இல்லேன்னா 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்'னு நிக்கும். ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்ல ஓடும், அதனால சிடி போட்டு மாறின ஃபோல்டர் அடுத்த வரிக்கு வராது. ரெண்டு ஆம்பர்சாண்ட் போட்டு ஒரே வரியாச் சேர். ஆப்பிள் கம்ப்யூட்டரோட வர்ற மேக் 3.81, அதுல ஒன்ஷெல் (எல்லா வரியையும் ஒரே ஷெல்ல ஓட்டறது) வேலை செய்யாது. லிங்குக்கு முழுப் பாதை குடு, அதுக்கு மேக் ஓடற ஃபோல்டரைத் தர்ற கர்டிர் வேரியபிள் இருக்கு. இன்னும் ஓடலேன்னா மேக்ஃபைலை எனக்கு இன்பாக்ஸ்ல போடு.