தானாகத் திரும்பியதாம்!

விவசாய நிலமாக இருந்த டீன்கெமேட்டன் தீவு, பறவைகள் வந்து சேர்ந்த ஈரநிலமாக மாறியதைக் காட்டும் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "மனிதன் வெளியேறினான், இயற்கை தானாகத் திரும்பியது" என்ற வாசகத்தோடு. பகிர்கிறவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள். எரிச்சலே அதில்தான்.

தானாக ஒன்றும் திரும்பவில்லை. நெதர்லாந்தில் ரோட்டர்டாமுக்குத் தெற்கே, ஹாரிங்ஃப்லீட் முகத்துவாரத்தில் சுமார் 700 ஹெக்டேர் களிமண் பூமி அது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து கரை கட்டி, நீரை வடித்து விவசாயம் செய்த நிலம். நாட்டூர்மோனுமென்டன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1997இல் அதை வாங்கியது. கடைசி விவசாயி 2006இல் கிளம்பினார். 2007இல் கரையைத் திறந்துவிட்டார்கள்.

கரையைத் திறந்தால் போதாதா? போதாது. 1970இல் ஹாரிங்ஃப்லீட் அணை வந்த பிறகு, இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கிய கடல் ஓதம் முப்பது சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. அவ்வளவு சோம்பலான தண்ணீர் ஓடை அறுக்குமா? மண்வாரி இயந்திரத்தை இறக்கித்தான் ஓடைகளை வெட்டினார்கள். இப்படிப்பட்ட வயல்களில் மண்ணுக்கடியில் வடிகால் குழாய் இருந்தால் அதையும் உடைக்கவோ அடைக்கவோ வேண்டும். விட்டால் ஈரநிலத்தை ராப்பகலாக வடித்துக்கொண்டே இருக்கும். உரம் ஏறிய மண்ணில் முதலில் வருவது அரிய பூவல்ல, காஞ்சொறியும் முட்செடியும்தான். கோடைத் தொடக்கத்தில் வில்லோ விதை பஞ்சாகப் பறக்கும்போது ஈரச்சேறு வெறுமையாகக் கிடந்தால் மொத்தமும் முளைத்துவிடும். சில வருடத்தில் ஆள் நுழைய முடியாத புதர். பிறகு கரண்டிவாயன் மாதிரி நீர்ப்பறவை எங்கே இரை தேடும்? அதனால்தான் ஸ்காட்லாந்து மாடுகளைக் கொண்டுவந்து மேயவிட்டிருக்கிறார்கள். மாடும் தானாக நீந்தி வரவில்லை.

"உனக்குப் பறவை மேல் என்ன கோபம்?" என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார். ஒரு கோபமும் இல்லை. பறவைகள் வந்தது நல்ல செய்தி.

"தலையிடாமலே விட்டுப் பார்க்கலாமே?" பார்த்தார்களே, அதே நாட்டில், ஓஸ்ட்வார்டர்ஸ்ப்ளாசன் என்ற இயற்கைக் காப்பகத்தில். வேலி போட்டு, மாடு குதிரை மான்களை அவற்றின் போக்கில் விட்டார்கள். 2017-18 குளிர்காலத்தில் தீனியில்லாமல் மெலிந்து, 3,000க்கும் மேல் மடிந்தன. பெரும்பாலானவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். பார்க்கப் பொறுக்காத ஜனங்கள் வேலிக்கு மேலே வைக்கோல் எறிந்தார்கள். வேலிக்குள் "தானாக" என்றால் அதுதான்.

இதையெல்லாம்கூட விடுங்கள். "மனிதன் வெளியேறினான்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறீர்கள்! வாடகை வீட்டைக் காலிசெய்த மாதிரி. வெளியேறியவன் உழுதவன். உள்ளே வந்தவனும் மனிதன்தான். திட்ட வரைபடத்தோடும் பணத்தோடும் வந்தான். தீவை மூன்றாகப் பிரித்துப் பெயரும் வைத்தான்: வனாந்தரம், செழிப்பு, ஏக்கம். அந்த ஏக்கப் பகுதியில் பழைய காலத்து விவசாய நிலத்தைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நியூவெண்டைக் துறையில் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.